ஜாக் லெஸ்லியின் பதின்மூன்று வருடங்கள்

கால்பந்து வீரர் ஜாக் லெஸ்லியைப் பற்றி யார் எழுதினாலும், இங்கிலாந்து அணியில் அவருக்கு இடம் கைநழுவிய 1925-இலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. 1921 முதல் 1934 வரை இங்கிலாந்தின் பிளைமவுத் ஆர்கைல் கிளப் அணிக்கு 401 ஆட்டங்கள், 137 கோல்கள். அணித் தலைவராகவும் இருந்தவர். ஒரு மனிதனின் உழைப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

லண்டனின் கேனிங் டவுனில் 1901-இல் பிறந்தவர், தந்தை ஜமைக்காக்காரர். அவர் சேர்ந்த காலத்தில் ஆர்கைல் ஆடிய மூன்றாம் டிவிஷன் தெற்குப் பிரிவில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டுமே இரண்டாம் டிவிஷனுக்குப் போக வழி. ஆர்கைல் 1922 முதல் 1927 வரை தொடர்ந்து ஆறு முறை இரண்டாமிடம்! முதல் முறை சவுத்தாம்ப்டனுடன் புள்ளிகள்கூடச் சமம். கோல் சராசரியில், அதாவது அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்த கணக்கில், போயிற்று. நினைத்தாலே வயிறு எரிகிறது. ஒருவழியாக 1930-இல் கோப்பையோடு மேலே ஏறினார்கள். இடப்பக்க ஓரத்தில் சாமி பிளாக், அவருக்கு உள்பக்கம் லெஸ்லி. அந்தக் காலத்து ரசிகர்கள் இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தேதான் சொல்லியிருப்பார்கள்.

1925-இல் அயர்லாந்துக்கு எதிரான இங்கிலாந்து அணிக்குத் தேர்வாகியிருப்பதாக ஆர்கைல் மேலாளர் பாப் ஜாக் லெஸ்லியிடம் சொன்னார். பிறகு பெயர் காணாமல் போயிற்று. தேர்வாளர்கள் தன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார்கள் என்று முதுமையில் லெஸ்லி சொன்னார். நான் அதை அப்படியே நம்புகிறேன். கறுப்பின வீரர் ஒருவர், விவ் ஆண்டர்சன், இங்கிலாந்தின் முதன்மை அணியில் இறங்க 1978 ஆயிற்று.

அன்றைய பந்து தோல் பந்து. உள்ளே ரப்பர் பை, அதைத் திணித்த வாயைக் கயிறு கோத்து இறுக்கிக் கட்டியிருப்பார்கள். மழையில் நனைந்தால் பந்து கனத்துவிடும், கட்டும் விறைத்துக்கொள்ளும். தலையால் முட்டுகிறவன் அதற்குப் பயந்தே ஆக வேண்டும். அந்தக் கயிறுதான் லெஸ்லியின் கண்ணில் பட்டது. ஆட்ட வாழ்க்கை அதோடு முடிந்தது. இளமையில் கற்ற பாய்லர் செய்யும் வேலைக்கே திரும்பினார்.

வயதான பின் வெஸ்ட் ஹாம் கிளப்பில் பூட்ஸ் துடைத்தார். 1966 உலகக் கோப்பையை வென்ற பாபி மூர், ஜெஃப் ஹர்ஸ்ட் ஆகியோரின் பூட்ஸ்களும் அதில் உண்டு. 1988-இல் இறந்தார்.

2023-இல் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் நாட்டுக்காக ஆடுகிறவர்களுக்கு அடையாளமாகத் தரும் தொப்பியை அவர் குடும்பத்தாரிடம் கொடுத்தது. கொடுத்தது நல்லதுதான். ஆனாலும் எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முந்தைய ஆண்டு ஆர்கைலின் ஹோம் பார்க் மைதானத்துக்கு வெளியே எழுந்த அவர் சிலை. அது பொதுமக்கள் நன்கொடை திரட்டி வைத்தது.