பழைய ராணுவ ரைபிளில் எந்த முத்திரை முதலில் விழுந்தது?

ராணுவ உபரியாக விற்பனைக்கு வரும் பழைய ரைபிளோடு ஒரு கதையும் சேர்ந்தே வரும். எந்தப் போரில் இருந்தது, யார் கையில் இருந்தது என்று விற்பவர் சொல்லிக்கொண்டே போவார். கேட்டுக்கொள்ளலாம். ஆனால் நாம் காசு கொடுப்பது இரும்புக்கும் மரத்துக்கும்தான். அந்த இரும்பில் ஆலை, ஆண்டு, ராணுவம், பழுதுபார்ப்பு, விற்பனை என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முத்திரை விழுந்திருக்கிறது. எது முதலில் விழுந்தது, எது பிறகு விழுந்தது என்று வரிசைப்படுத்தினால் வரலாறு தானாக வெளியே வரும். ஒரு ரைபிளுக்கு ஒரே பிறந்த தேதி என்ற எண்ணத்தை மட்டும் முதலிலேயே விட்டுவிட வேண்டும். குழல் வந்து பொருந்தும் நடு இரும்பான ரிசீவருக்கு ஒரு வயது, குழலுக்கு ஒரு வயது, மரக்கட்டைக்கு ஒரு வயது.

கையில் எடுத்ததும் முதல் வேலை, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்வது. பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டில் தோட்டாக் கூடான மேகசினைக் கழற்றுங்கள். ரஷ்ய மோசினிலும் ஜெர்மன் மவுசரிலும் மேகசினின் அடித்தகட்டைத் திறந்து பாருங்கள். பிறகு கைப்பிடியால் முன்பின் நகரும் பூட்டுத்தண்டான போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறைக்குள் டார்ச் அடிப்பதோடு சுண்டுவிரலையும் விட்டுப் பாருங்கள். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் காஸ்மோலின் கிரீஸ் அடைத்த அறையில் தோட்டா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது புகைப்படம். சுத்தம் செய்வது அதற்கப்புறம்தான். டார்ச்சை இரும்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்த முத்திரையின் விளிம்பு நிழலாக எழும்பும். அப்படியும் தெரியாவிட்டால் வெள்ளைச் சுண்ணக்கட்டியை லேசாகத் தேய்த்து, மேற்பரப்பை விரலால் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் தங்கிய தூள் எழுத்தைக் காட்டும். கம்பி பிரஷ், உப்புத்தாள், பாலிஷ் மூன்றும் கூடாது. கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர் ஆய்வாளர் முத்திரைகளை மரத்தூளாக்கிக் கொட்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம். இந்தத் துறையில் என்னை உண்மையிலேயே வருத்தும் விஷயம் இதுதான்.

இனி வாசிப்பு. லீ-என்ஃபீல்ட் நம்பர் 1-இல் தொடங்குவது எளிது, ஏனென்றால் அது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்லும். அடிக்கட்டை வந்து சேரும் இரும்புப் பட்டையின் வலப்புறத்தைப் பாருங்கள். மேலே கிரீடம், அதன் கீழ் மன்னர் ஜார்ஜைக் குறிக்கும் ‘ஜி.ஆர்.’, பிறகு ஆலையின் பெயராக ‘என்ஃபீல்ட்’ அல்லது ‘பி.எஸ்.ஏ. கோ’ அல்லது ‘எல்.எஸ்.ஏ. கோ’, ஆண்டு, கடைசியில் மாதிரியின் பெயர். 1907-இல் வந்த மார்க் 3-க்கும், முதல் உலகப் போரின் நடுவே வந்த மார்க் 3 நட்சத்திரத்துக்கும் இடையே ஆலைகள் வேகத்துக்காகச் சிலவற்றை விட்டுவிட்டன. மேகசினை மறைத்து ஒவ்வொரு தோட்டாவாகப் போடவைக்கும் தகடும், இடப்புறக் கட்டையில் பதித்த நெடுந்தூரக் குறிவட்டும் அவற்றில் முக்கியமானவை. ஆகவே 1917 என்று அடித்த நட்சத்திர மாடலின் கட்டையில் அந்த வட்டுக்கான பள்ளம் இருந்தால், மரம் பழைய இருப்பிலிருந்தோ வேறொரு துப்பாக்கியிலிருந்தோ வந்திருக்கிறது.

வரிசை எண்ணை ரிசீவரின் முன்பக்கம், குழல், போல்ட் கைப்பிடியின் பின்புறம், முன்மூக்குத் தொப்பி, குறிபார்க்க உதவும் பின்குறியின் அடிப்பக்கம், முன்கட்டையின் அடி என்று தனித்தனியாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் பொருந்தினால் மகிழ்ச்சி. பொருந்தாவிட்டால் அங்கேதான் விசாரணை தொடங்குகிறது. எண்கள் பொருந்தும் துப்பாக்கிக்கு விலை அதிகம். ஆனால் சொல்வதற்கு அதிகம் வைத்திருப்பது பெரும்பாலும் பொருந்தாததுதான்.

உடைமைக் குறி அடுத்த அடுக்கு. பிரிட்டிஷ் அரசின் சொத்துக்கு அகன்ற அம்புக்குறி. அதோடு ‘ஐ’ எழுத்து சேர்ந்தால் இந்தியா, ‘யு’ சேர்ந்தால் தென்னாப்பிரிக்கா. ‘சி’ எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா, இரண்டு ‘டி’ எழுத்துகளுக்கு நடுவே இருந்தால் ஆஸ்திரேலியா. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் அரசு அதை விற்றுக் கழித்துவிட்டது என்று பொருள். பின்னால் வந்த நம்பர் 4 லீ-என்ஃபீல்டின் இடப்புறத்தில் ‘எஃப்.டி.ஆர்.’ (FTR) என்ற எழுத்துகளும் ஓர் ஆண்டும் இருந்தால், அந்த ஆண்டில் ஆலைக்குத் திரும்பிப்போய் முழுப் பழுதுபார்ப்புக்கு உள்ளாகியிருக்கிறது. குழலில் ‘18.5 டன்’, ‘2.222’ போன்றவை இருந்தால் குழம்ப வேண்டாம். அவை ராணுவம் விட்ட பிறகு வணிக விற்பனைக்காக பிரிட்டனில் நடந்த அழுத்தச் சோதனையின் முத்திரைகள். ‘இங்கிலாந்து’ என்று தனியாக அடித்திருப்பதும் ஏற்றுமதிக்காகப் போட்டதுதான்.

இந்தியாவின் இஷாப்பூர் ஆலையில் செய்த லீ-என்ஃபீல்ட் துப்பாக்கிகள் தனிப் பாடம். சுதந்திரத்துக்குப் பிறகு கிரீடம் போய் அசோகச் சிங்கமும் ‘ஆர்.எஃப்.ஐ.’ (ரைபிள் ஃபேக்டரி இஷாப்பூர்) எழுத்துகளும் வந்தன. முன்கட்டை பிளக்காமல் இருக்க மேகசினுக்கு முன்னால் குறுக்கே ஒரு திருகு முடுக்கியிருப்பார்கள். சேகரிப்பவர்கள் அதை ‘இஷாப்பூர் திருகு’ என்றே சொல்வார்கள். 1960-களில் வந்த 2ஏ, 2ஏ1 மாதிரிகளை, பழைய .303 தோட்டா ரைபிளுக்குக் குழல் மாற்றி 7.62 ஆக்கியது என்று விற்பவர்கள் உண்டு. அது தவறு. அவை 7.62 நேட்டோ தோட்டாவுக்காகவே மேம்பட்ட எஃகில் புதிதாகச் செய்தவை. மேகசின் சற்றே சதுரமாக, 12 தோட்டா பிடிக்கும். பின்குறி 2000 கஜம் வரை போனால் 2ஏ, 800 மீட்டரோடு நின்றால் 2ஏ1.

போலிகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் கையால் செய்த நகல்களில் முத்திரையையும் கையாலேயே வெட்டியிருப்பார்கள். விக்டோரியா ராணி இறந்தது 1901 ஜனவரியில். ஆகவே ‘வி.ஆர்.’ என்று போட்டுக் கீழே 1907 என்று இருந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. ‘என்’ (N) எழுத்து இடவலம் மாறித் திரும்பியிருப்பதும், எழுத்துகள் ஒரே கோட்டில் நில்லாமல் ஏறி இறங்குவதும் கூடவே வரும் அடையாளங்கள். சேகரிப்புக்கு அருமையான பொருள். சுடுவதற்கு ஒருபோதும் கூடாது, அந்த எஃகு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

புதிர் என்றால் ஃபின்லாந்தின் மோசின்-நாகாண்ட்தான். ஃபின்லாந்து ரிசீவர்களைப் புதிதாகச் செய்யவே இல்லை; ரஷ்யத் துப்பாக்கிகளின் ரிசீவர்களை எடுத்துத் தன் குழலைப் பொருத்திக்கொண்டது. எம்39 என்ற ஃபின்லாந்து மாதிரியின் குழலில் சாகோ அல்லது வி.கே.டி. (VKT) என்ற ஆலைப் பெயரும் 1942 என்ற ஆண்டும் இருக்கும். பக்கத்தில் கட்டத்துக்குள் ‘எஸ்.ஏ.’, அதாவது ஃபின்லாந்து ராணுவம். ‘டி’ (D) எழுத்து இருந்தால் அறை ஃபின்லாந்தின் டி166 வகைக் குண்டுக்கு ஏற்றது. ஆனால் ரிசீவரின் உண்மையான வயது பின்புறம் நீளும் அதன் பட்டையான பின்வாலின் அடிப்பக்கத்தில், மரத்துக்குள் மறைந்திருக்கிறது.

அதைப் பார்க்க போல்ட்டை உருவி, துடைப்புக் கோலைக் கழற்றி, வளையங்களைத் தளர்த்தி முன்னால் தள்ளிவிடுங்கள். பிறகு இரண்டு திருகுகள்: ஒன்று பின்வாலில் மேலிருந்து இறங்கும், மற்றது மேகசினுக்கு முன்னால் கீழிருந்து ஏறும். திருப்புளியின் நுனி திருகின் பள்ளத்தில் ஆடாமல் உட்கார வேண்டும். தளர்ந்த நுனி ஒருமுறை வழுக்கினால் நூறாண்டுத் திருகின் தலை அலங்கோலமாகிவிடும். இரும்பைத் தூக்கும்போது திருகுத் துளைகளின் பக்கம் மெல்லிய பித்தளைத் தகடுகள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபின்லாந்து ஆயுதப் பட்டறைகள் சுடும் குறி நிலைக்கவென்று வைத்தவை அவை. எத்தனை தகடு, எந்தப் பக்கம் என்று எழுதிவைக்காமல் எடுத்தால் குறி மாறிவிடும். பின்வாலைத் துடைத்துப் பார்த்தால் சிலவற்றில் 1890-களின் ஆண்டு தெரியும். 1898 வரை, அந்த ஆண்டும் உட்பட, செய்யப்பட்ட துப்பாக்கியை அமெரிக்கச் சட்டம் பழம்பொருளாகக் கணக்கிடுவதால், அந்த ஒரு வரிக்காகவே அங்கே பலர் திருகைக் கழற்றுகிறார்கள்.

சோவியத் பழுதுபார்ப்புக்குப் போன மோசின்களில் சதுரத்துக்குள் குறுக்குக்கோடு போட்ட சின்னம் இருக்கும். போல்ட்டிலும் அடித்தகட்டிலும் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்து, குழலின் எண்ணை மின்பேனாவால் கிறுக்கியிருப்பார்கள். இதைப் பொருந்தும் எண் என்று விலை சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்; பிறகு பொருத்தப்பட்ட எண் என்பதே சரி. குழல் வாயைப் பாருங்கள்: குழலுக்குள் சுழன்று செல்லும் உள்வரிகள் விளிம்பில் தொடங்காமல் உள்ளே தள்ளித் தொடங்கினால், வாயைத் துளையிட்டு அகலப்படுத்தியிருக்கிறார்கள். வாய்ப்பக்கமிருந்து கோல் விட்டுத் துடைத்துத் துடைத்து முனை தேய்ந்ததற்கான வைத்தியம் அது. நேர்த்தியாகச் செய்திருந்தால் குறி கெடாது.

ஜெர்மன் மவுசர் கே98கே-யில் ரிசீவர் வளையத்தின் மேல் ஆலைக் குறியீடு. ‘எஸ்/42’-உம், பின்னால் வந்த ‘42’, ‘பி.ஒய்.எஃப்.’ ஆகியவையும் ஓபெர்ன்டோர்ஃப் மவுசர் ஆலை, ‘டி.ஓ.டி.’ (dot) என்றால் செக் நாட்டு ப்ர்னோ ஆலை. வரிசை எண் அதிகபட்சம் நான்கு இலக்கம், பிறகு ஓர் எழுத்து. ஒவ்வொரு ஆலையிலும் ஆண்டுதோறும் முதலிலிருந்து தொடங்கும். எனவே எண் மட்டும் எதையும் சொல்லாது. ஆலை, ஆண்டு, எண், எழுத்து நான்கும் சேர்ந்தால்தான் ஒரே துப்பாக்கி. ரிசீவரில் ‘எக்ஸ்’ போன்ற குறியும், போல்ட்டில் மின்பேனா எழுத்தும், கட்டையில் செந்நிற அரக்குப் பூச்சும் சேர்ந்து இருந்தால் சோவியத் செம்படை கைப்பற்றிப் பழுதுபார்த்தது. ரிசீவர் மேல் பெரிதாக 7.62 என்றிருந்தால் இஸ்ரேல் குழல் மாற்றியது. அதில் பழைய 7.92 தோட்டாவைப் போடவே கூடாது. பொருந்தும் எண்ணுக்கு விலை ஏறியதும் புதிதாக எண் அடிப்பவர்களும் வந்துவிட்டார்கள். சந்தேகம் வந்தால் லென்ஸ் வைத்து இலக்கத்தின் அடிப்பள்ளத்தைப் பாருங்கள். சுற்றிலும் பழைய கருமை தேய்ந்திருக்க, பள்ளம் மட்டும் பளிச்சென்றோ புதுக்கருப்பாகவோ இருந்தால் நம்பாதீர்கள்.

ஜப்பானிய அரிசாகா ரைபிளில் பேரரசரின் 16 இதழ் செவ்வந்திச் சின்னம் அரைத்து அழிக்கப்பட்டிருப்பது பழுதல்ல, அதுவே வரலாறு. பெரும்பாலானவை அப்படித்தான் கைமாறின. முழுச் சின்னம் உள்ளதற்கு விலை அதிகம் என்பதால் அதையும் திரும்பச் செதுக்குபவர்கள் உண்டு.

காஸ்மோலினை எடுக்க மினரல் ஸ்பிரிட்டும் பழைய துணியும் போதும், காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு வெகுதூரத்தில். மரத்தில் ஊறியதைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வெயிலில் வைத்து, கசிந்து வருவதைத் துடைத்து எடுங்கள். அரக்குப் பூசிய சோவியத் கட்டையில் ஆல்கஹால் படக்கூடாது, பூச்சு கரைந்துவிடும். பிரிட்டிஷ் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய், மெல்லிய பூச்சாக.

சுடும் எண்ணம் இருந்தால் ஆயுதத் தச்சரிடம் காட்டிய பிறகுதான். லீ-என்ஃபீல்ட் போல்ட்டை அந்தந்த ரிசீவருக்கென்று பொருத்தியிருப்பார்கள். வேறு போல்ட் போட்டால் இரண்டு பூட்டுப் பற்களில் ஒன்றே முழு அழுத்தத்தையும் தாங்க நேரலாம். .303-க்கு, தோட்டா உட்காரும் இடைவெளியை (ஹெட்ஸ்பேஸ்) சோதிக்கும் அளவுகோல் 0.064 இன்ச்சில் போல்ட் மூடவேண்டும், 0.074-இல் மூடக்கூடாது. நம்பர் 4-இல் அப்படி மூடிவிட்டால் 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகளில் அடுத்த பெரியதைப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க 1903 ரைபிளில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையின் எண் 800,000-க்குக் கீழோ, ராக் ஐலண்ட் ஆலையின் எண் 285,507-க்குக் கீழோ இருந்தால் ரிசீவரின் சூடேற்றுமுறை சரியில்லாமல் எஃகு நொறுங்கும் தன்மை கொண்டதாக இருக்கலாம். அதில் குழல் எவ்வளவு புதிதாக இருந்தாலும் சுட வேண்டாம். பழைய ராணுவத் தோட்டாவின் பற்றவைப்பு மருந்து உப்பை விட்டுப்போகும், அது ஈரத்தை இழுத்து ஒரே இரவில் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. முதலில் வெந்நீர், பிறகு உலர்ந்த துணி, கடைசியில்தான் எண்ணெய். போல்ட்டின் முகத்தையும் அதேபோல் கழுவ வேண்டும்.