512 பரிமாணங்களில் ஒரு தேடல் மரம்

பினாங்கில், பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு சில்லு ஆலைக்கு மென்பொருள் எழுதுகிறேன். கேமராவில் பிடிபடும் ஒவ்வொரு பழுதின் படமும் 512 எண்கள் கொண்ட வெக்டாராக (எண்வரிசையாக) மாறும். ஒவ்வோர் எண்ணும் ஒரு பரிமாணம், ஒவ்வொரு படமும் ஒரு புள்ளி; ஒத்த படங்களுக்கு இடையே தூரம் குறைவு. புதிதாக ஒரு பழுது வந்தால், இதே மாதிரி முன்பு எப்போது வந்தது, அப்போது என்ன செய்தார்கள் என்று லைனில் இருப்பவர்கள் உடனே பார்க்க வேண்டும். தேட வேண்டியது ஒரு மில்லியன் படங்களுக்குள்.

குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் முதலில் கேடி-மரத்தைத்தான் எடுப்பார்கள். ஒவ்வொரு வெட்டிலும் ஒரே ஒரு பரிமாணத்தைப் பார்த்து, புள்ளிகளை இரண்டு கிளைகளாகப் பிரிக்கும் தேடல் முறை அது. 1975ல் ஜான் பென்ட்லி தந்தது. வரைபடத்தில் பக்கத்துக் கடையைத் தேட அருமையான வழி. ஆனால் ஒரு மில்லியன் புள்ளிகளைப் பாதி பாதியாகப் பிரித்தால் சுமார் 20 வெட்டில் தீர்ந்துவிடும். மீதி 492 பரிமாணங்களைப் பற்றி அந்தக் கிளைக்கு ஒன்றுமே தெரியாது. சரி, தூரத்தை வைத்துப் பிரிக்கும் விபி-மரம் போடலாமே என்பார்கள். ஒரு புள்ளியைப் பிடித்து, அதிலிருந்து நடுத்தூரத்துக்கு உள்ளே இருப்பவை ஒரு கிளை, வெளியே இருப்பவை மறு கிளை. பரிமாணம் ஏற ஏறத் தூரங்கள் எல்லாம் அந்த நடுத்தூரத்தை ஒட்டியே குவியும். தேடும் படத்தைச் சுற்றிய தேடல் எல்லை இரண்டு பக்கமும் விழும், எந்தக் கிளையையும் ஒதுக்க முடியாது.

மரத்தின் வேகமே அது பார்க்காமல் விடும் கிளைகளில்தான் இருக்கிறது. எதையும் விட முடியாத மரத்தைவிட எல்லாவற்றையும் வரிசையாகப் படிப்பதே வேகம். சீராகப் பரவிய தரவில், பத்துப் பரிமாணம் தாண்டியதுமே இப்படி ஆகிவிடும் என்று வெபர், ஷெக், பிளாட் மூவரும் 1998லேயே காட்டிவிட்டார்கள்.

அதனால் மரம் கட்டுமுன் சில ஆயிரம் படங்களைக் குலுக்கி எடுத்து, ஜோடிகளின் தூரங்களை வரைந்து பார்ப்பேன். எங்கள் தரவில் இரண்டு மேடுகள் தெரிந்தன: ஒரே வகைச் சில்லின் படங்கள் நெருங்கி, வேறு வகையின் படங்கள் விலகி. மகிழ்ச்சியாக இருந்தது. அந்த இடைவெளி இருந்தால் மேல்கிளைகளுக்கு வேலை உண்டு. அதற்குக் கீழே பிரிப்பதை நிறுத்தி, கிளை முடியும் ஒவ்வோர் இலையிலும் பல நூறு வெக்டார்களை நினைவகத்தில் அடுத்தடுத்து வைத்து நேராகப் படிக்க விட்டேன்.

எத்தனை இலைகளைத் திறப்பது என்பதைத் தீர்மானித்தவர் லைனில் பழுதுப் படங்களைப் பார்க்கும் அக்கா. "முதல்லயே சரியானது வரணும்னு இல்ல தம்பி. பத்துக்குள்ள இருந்தா நான் கண்ணாலயே பார்த்துடுவேன்," என்றார். அந்தப் பத்தே எங்கள் அளவுகோல் ஆனது. இரவில் சில நூறு படங்களை முழு வரிசைத் தேடலிலும் ஓட்டி, மரம் தந்த பத்தோடு ஒப்பிடுகிறோம். லைனுக்குப் புதுவகைச் சில்லு வந்தால் பொருத்தம் சரியும், அன்றைக்கே மரத்தை மறுபடி கட்டுகிறோம்.