கன்எய் காசுகளில் அரிய வகையைக் கண்டுபிடிக்க நான் பழகிய வழி

பழைய ஜப்பானிய வார்ப்புக் காசுகளைப் படிக்க நினைப்பவர்கள் கன்எய் ட்சூஹோவில் தொடங்கலாம். 1636-இல் முழுவீச்சில் வார்க்கத் தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வார்த்தார்கள். அதனால் மலிவு, வகைகளுக்கும் பஞ்சமில்லை. ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நான்கு எழுத்துகளின் உருவம் கண்ணில் பதிந்தால் போதும்.

நான் முதலில் பழகியது இடப்பக்க எழுத்தான 'ஹோ'வின் இரண்டு கால்களை மட்டும்தான். கால்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பழைய கன்எய். விலகி நின்றால் 1668-க்குப் பிறகு வந்த புதிய கன்எய். அப்புறம் காசைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நான்கு மோன் (மோன் என்பது அன்றைய ஜப்பானியப் பண அலகு) காசின் பின்புறத்தில் அலைகள் இருக்கும். 1768-இல் வந்தவற்றில் 21 அலை, அடுத்த ஆண்டிலிருந்து 11. அலையை எண்ணத் தெரிந்தவருக்கே ஒரு நல்ல காசு சிக்கும்!

இனிதான் சிக்கலே. வார்ப்புக்கு மாதிரியாகச் செய்த தாய்க்காசை மணலில் அழுத்தி, அந்த அச்சில் உலோகத்தை ஊற்றினார்கள். மணல் கொஞ்சம் சரிந்தாலும் ஒரு கோடு அடைபடும், இல்லாத ஒரு புள்ளி முளைக்கும். புதிதாகச் சேர்ப்பவர்கள் இதையெல்லாம் அரிய வகை என்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். உண்மையான வகை தாய்க்காசிலேயே இருப்பது, ஆகவே அது வேறு காசுகளிலும் அப்படியே திரும்ப வரும். ஜப்பானின் மிட்டோ என்ற ஊரில் 1626-இல் வார்த்ததாகச் சொல்லப்படும் வகையில், கீழ் எழுத்தான 'எய்'யின் தலை இரண்டு படுக்கைக் கோடுகளாக இருக்கும். அந்த வகையில் எந்தக் காசை எடுத்தாலும் இதே தலைதான். உங்கள் கையில் இருப்பதற்கு ஜோடி கிடைக்கும்வரை அதை வார்ப்புக் குறை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நுண்ணளவு எடுக்கும் வெர்னியர் கருவி இல்லாமல் இந்த வேலைக்கு இறங்காதீர்கள். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். புழக்கத்துக் காசையே அச்சாக வைத்து வார்த்த போலி, அசலைவிடச் சற்றுச் சிறுத்து, எழுத்தும் மழுங்கியிருக்கும். தாய்க்காசோ பெரிதாக, கூர்மையாக இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து லென்ஸில் பாருங்கள், அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். காசில் படிந்த களிம்பை மட்டும் தேய்த்து எடுக்காதீர்கள். புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம்.

வாங்குவதென்றால் யாரும் தரம் பிரிக்காத கலவைக் காசுகளாக வாங்குங்கள். 'அரியது' என்று சீட்டு ஒட்டிய காசில் நீங்கள் கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது.