மாமா மகள் செல்வி

நீலகிரி வெலிங்டனில் ராணுவப் பயிற்சி முடிந்து முதல் போஸ்டிங் போனபோதே செல்வியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். செல்வி என் மாமா மகள், நர்சிங் படிக்கிறாள், அவள் அப்பாவுக்கு என்னைப் பிடிக்காது. உண்மையில் எனக்கு மாமாவே கிடையாது. அம்மாவோடு பிறந்ததெல்லாம் பெண்கள்.

பேரக்கில் கட்டிலுக்குக் கட்டில் ஒரு கை தூரம்தான். ராத்திரி ரம் உள்ளே போனால் பெண்களைப் பற்றித்தான் பேச்சு. அதில் ஒருவன் மட்டும் சும்மா இருந்தால் கேள்வி வரும். ஒவ்வொரு லீவு முடிந்து திரும்பும்போதும் செல்வியைப் பற்றிப் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும், பழைய கதையோடு ஒத்தும் போக வேண்டும். எங்கள் சுபேதார் சாப் இதிலெல்லாம் புலி. "ஏண்டா, போன வருஷமே கடைசி வருஷம்னு சொன்னியே, இன்னுமா படிக்குது?" என்று ஒருநாள் பிடித்துவிட்டார். அரியர் சாப் என்றேன்.

என் செக்‌ஷனில் இருந்த மலையாளி ஒருவன்தான், சென்ட்ரி டியூட்டியில் சம்பந்தமே இல்லாமல், "செல்வியப் பத்திப் பேசும்போது உன் முகத்துல ஒண்ணுமே தெரியலயே" என்றான். நான் பதில் சொல்லவில்லை. அப்புறம் அவன் கேட்கவும் இல்லை. எனக்கு யாரைப் பிடித்திருந்தது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பயம் வெறும் கேலிக்காக இல்லை. 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்த ஒரே பாலினத்தவர் இருவர் மனமொத்துச் சேர்வது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவின்படி குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது நான் காஷ்மீரில் இருந்தேன். டிவி ரூமில் ஒருவன் அசிங்கமாக ஜோக் அடித்தான், எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குத் தனிச் சட்டம். 1950 ராணுவச் சட்டத்தின் 46-வது பிரிவில் 'இயற்கைக்கு மாறான' இழிநடத்தைக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க அரசியல் சாசனத்தின் 33-வது பிரிவே இடம் கொடுக்கிறது. 2019 ஜனவரியில், ராணுவத்தில் இதையெல்லாம் அனுமதிக்க மாட்டோம் என்று தளபதி பிபின் ராவத் பத்திரிகையாளர்களிடமே சொல்லிவிட்டார். எல்லையில் உயிரைக் கொடுக்கலாமாம், இதைச் சொல்லத்தான் கூடாதாம்.

சரி, செல்விக்கு வேறு இடத்தில் கல்யாணம் செய்துவைத்துவிட்டேன். இரண்டு பேர் நிஜமாகவே கண்கலங்கினார்கள்.

இப்போது பென்ஷன் வாங்குகிறேன். அந்தச் சட்டம் இனி என்மேல் பாயாது. ஆனாலும் இதில் பெயர் போடவில்லை. கேன்டீன் வரிசையில் நின்றால் பழைய ஆட்கள் இன்னும் ஜாதகம் கேட்கிறார்கள்.