ப்ரூஜ் நகரில் ‘இன் ப்ரூஜ்’ படத்தின் இடங்களைத் தேடிப் போனது

மார்ட்டின் மெக்டோனா எழுதி இயக்கி 2008இல் வந்த ‘இன் ப்ரூஜ்’ எனக்கு மிகவும் பிடித்த படம். பாவமன்னிப்புக் கூண்டில் பாதிரியாரைச் சுடும் ரே, குண்டு பாய்ந்து போனதில் ஒரு சிறுவனையும் கொன்றுவிடுகிறான். முதலாளி ஹாரி அவனையும் மூத்த கூலிக்கொலையாளி கென்னையும் ப்ரூஜுக்கு அனுப்பிவைக்கிறான். இதற்கு மேல் கதை முடிவும் வரும், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பெல்ஜியம் போகும் வாய்ப்பு வந்ததும் இந்த ஊருக்கென்று நேரம் ஒதுக்கினேன். பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட் சதுக்கத்துக்கு நடந்தே போய்விடலாம்.

முதலில் மணிக்கூண்டு. டிக்கெட்டை நேரம் குறித்து ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள், உள்ளே அளவாகத்தான் ஆள் விடுவார்கள். கோபுரம் 83 மீட்டர், ஏற 366 படிகள். போகப் போகப் படிகள் ஒடுங்கி, செங்குத்தாகிவிடுகின்றன. எதிரே யாராவது இறங்கி வந்தால் சுவரோடு ஒட்டி நின்றுதான் வழிவிட வேண்டும். படத்தில் பருமனான சுற்றுலாப் பயணிகளிடம் ‘ஏறாதீர்கள்’ என்று ரே சொல்லும் இடத்தில் எல்லோரும் சிரித்திருப்போம். கடைசியில் கழுத்தில் குண்டு வாங்கிய கென், இதே படிகளில் ரத்தம் சொட்டத் தவழ்ந்து மேலே போகிறார். கீழே ரே இருக்கிறான், ஹாரி அவனைத் தேடிப் போகிறான். எச்சரிக்க வேறு வழியில்லாமல், முதலில் சில்லறைக் காசுகளைக் கீழே போட்டு, பிறகு தானே குதிக்கிறார். மூச்சு வாங்க நின்றபோதுதான் அந்த ஏற்றம் எவ்வளவு பெரியது என்று உடம்புக்கே புரிந்தது.

அப்புறம் க்ரோனிங்க ம்யூசியம். என்னைக் கேட்டால் படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஜெரார்டு டேவிட் 1498இல் முடித்த இரட்டை ஓவியம் ஒன்று: லஞ்சம் வாங்கிய நீதிபதியை உயிரோடு தோலுரிக்கிறார்கள். காலருகே இருப்பவன் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறான், தோலை இழுக்க இரண்டு கையும் வேண்டுமே! சுற்றி நிற்பவர்கள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கூலிக்குக் கொல்வது ஒரு வேலையாகிவிட்டால் முகம் இப்படித்தான் இருக்கும் என்று பட்டது. ரேவுக்கு அந்த முகம் வாய்க்கவில்லை, அதனால்தான் அவன்மேல் நமக்கு இரக்கம் வருகிறது.

பக்கத்திலேயே ஹியரோனிமஸ் போஷின் ‘இறுதித் தீர்ப்பு’. மூன்று பலகைகள், நான் நினைத்ததைவிடச் சிறியது. மேலே கிறிஸ்து, கீழே பாதி விலங்கும் பாதி மனிதனுமான உருவங்கள் பாவிகளை வதைக்கின்றன. ரேயும் கென்னும் இதன் முன் இருந்துதான் சொர்க்கம், நரகம் என்று பேசத் தொடங்குகிறார்கள். ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

இரவு அறைக்கு வந்து படத்தை மறுபடி போட்டேன். கதைக்குள்ளேயே அந்த ஊரில் வேறொரு படம் எடுக்கிறார்கள். குண்டடிபட்ட ரே தடுமாறிப் போய்ச் சேரும் அந்தப் படப்பிடிப்புத் தளத்தில், முகமூடி போட்ட துணைநடிகர்கள் எல்லாம் போஷின் பலகையிலிருந்து இறங்கி வந்தவர்களாகத் தெரிந்தார்கள். ஓவியத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவர்களை வெறும் வேடிக்கை வேடமாகவே இன்னமும் எண்ணிக்கொண்டிருப்பேன். போகிறவர்கள் மணிக்கூண்டோடு திரும்பிவிடாதீர்கள், ம்யூசியத்துக்கு ஒரு மதியம் முழுக்க வையுங்கள்.