அப்பாவின் புல்லட்டும் பன்சார் ரசீதும்

பாலக்கோட்டிலிருந்து புல்லட்டில் நேபாளத்து முக்திநாத் போய் வந்தோம் என்றால், எல்லாரும் முதலில் மலைப்பாதையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மலைப்பாதை எட்டு நாளில் முடிந்துவிட்டது. அதற்கான பேப்பர் வேலைக்கு ஏழு மாதம் ஆனது. இதே ஆசையில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் அந்த ஏழு மாதத்தைப் பற்றி எழுதுகிறேன்.

வண்டி அப்பாவுடையது, 2012-ல் வாங்கியது, TN 29 பதிவு. தக்காளி மண்டிக்கு விடியற்காலையில் அதில்தான் போவார். 108 திவ்ய தேசங்களில் நேபாளத்தில் இருக்கும் சாளக்கிராமம், அதாவது முக்திநாத், போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2022-ல் இறந்துபோனார். வண்டியை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், ஆனால் ஆர்.சி.யில் அவர் பெயரே இருந்தது. உள்ளூரில் யாரும் கேட்கவில்லை. நேபாள எல்லையில் வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. வண்டியின் சொந்தக்காரர் நம்மோடு வராவிட்டால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். இறந்தவரிடம் கடிதம் வாங்க முடியுமா? பெயர் மாற்றாமல் கிளம்ப வழியே இல்லை.

வண்டி உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுக்க வேண்டும். துக்கத்தில் இதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? நாங்களும் தாமதம்தான். அந்தப் படிவத்தோடு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைக்க வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேசையாக நகரும். வாரிசுகள் அம்மா, அக்கா, நான். வண்டி எனக்கு வருவதில் ஆட்சேபனை இல்லை என்று அம்மாவும் அக்காவும் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அம்மா கையெழுத்துப் போடும்போது, "வண்டியை வித்துடாதடா" என்று மட்டும் சொன்னார்.

இதில் சிக்கியது ஒரே ஒரு எழுத்து. ஆர்.சி.யில் முனியப்பன் என்று இருந்தது. இறப்புச் சான்றுக்கு விவரம் சொல்லும்போது, வீட்டில் கூப்பிடுகிற மாதிரி முனியப்பா என்று நானேதான் சொல்லியிருக்கிறேன். வாரிசுச் சான்றும் அதைப் பார்த்தே வந்துவிட்டது. இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்த பிறகே வேலை நகர்ந்தது.

அதிலிருந்து ஒன்றில் பிடிவாதமாக இருந்தேன். என் பெயர் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே புதிய ஆர்.சி.யிலும் வர வேண்டும். நமக்கு இனிஷியல் ஒரு நாள் முன்னால் நிற்கும், ஒரு நாள் பின்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நம்மூரில் இதையெல்லாம் புரிந்துகொள்வார்கள். வேறு நாட்டு அலுவலருக்கு அவை இரண்டு வேறு ஆட்களின் பெயர்கள். விண்ணப்பத்தில் ஒவ்வொரு எழுத்தையும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே நிரப்பினேன். இந்த வேலையை மட்டும் தயவுசெய்து யாரிடமும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். பாலிசியும் அப்பா பெயரில்தான் இருந்தது, அதை என் பெயருக்கு மாற்றினோம். நம் பாலிசி இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. புவியியல் எல்லை நீட்டிப்பு என்று ஒரு இணைப்பு இருக்கிறது, ஏஜென்ட்டுகள் ஐ.எம்.டி. 1 என்பார்கள். நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான் ஆகிய நாடுகளுக்கு அப்படி நீட்டிக்கலாம். எனக்குக் கூடுதலாக 500 ரூபாய்தான் ஆனது. கேட்டால்தான் கிடைக்கும், அவர்களாகச் சொல்வதில்லை.

ஓட்டுநர் உரிமம் நம்முடையதே போதும். ஒரு நண்பர் பேச்சைக் கேட்டு 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்து வைத்திருந்தேன். வழியில் ஒரு இடத்திலும் கேட்கவில்லை. அடையாளத்துக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ஆதாரை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

"மாமா, ஆதார் 15 வயசுக்குக் கீழ இருக்கணும், இல்லை 65 தாண்டணும். உங்களுக்குச் செல்லாது."

"அப்போ ஓட்டு கார்டு போதுமா மாப்ளே?"

போதும். ஆனால் அதை அக்கா பீரோவில் தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது.

பணத்தை நூறு ரூபாய் நோட்டாகவே எடுத்துக்கொண்டோம். நாங்கள் போன 2024 மார்ச்சில் நேபாளத்தில் நூறுக்கு மேற்பட்ட இந்திய நோட்டு செல்லாது. மூன்று கட்டு, 30,000 ரூபாய். அப்போது தேர்தல் நேரம் வேறு. ஓசூர் தாண்டி ஜூஜூவாடியில் பறக்கும் படை பையைத் திறக்கச் சொன்னது. 50,000-க்கு மேல் ரொக்கம் இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும். எங்களிடம் அவ்வளவு இல்லை, எண்ணிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். எங்கள் பயணத்தின் முதல் எல்லைச் சோதனை வீட்டிலிருந்து இரண்டு மணி நேர தூரத்திலேயே நடந்தது.

அதன் பிறகு ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர், வாரணாசி, கோரக்பூர். தர்மபுரி வழியாகப் போகும் பழைய என்.எச். 7 காசிக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே போட்ட சாலை. அப்பா அடிக்கடி சொல்வார், நம்ம ஊர் ரோட்டில் ஏறி நேராகப் போனால் காசிதான் என்று. 2,200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி ஆறாம் நாள் காலை எல்லை ஊரான சுனௌலி சேர்ந்தோம்.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். சுனௌலியில் யாரும் உங்களை நிறுத்த மாட்டார்கள். நம் பக்கம் எல்லையைக் காக்கும் எஸ்.எஸ்.பி. படைக் காவலர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள், அவ்வளவுதான். சைக்கிள், ரிக்‌ஷா, லாரி, காய்கறிக் கூடை என்று எல்லாம் ஒரே நுழைவு வளைவுக்குள் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கூட்டத்தோடு நீங்களும் உள்ளே போய்விடலாம். போனால் தப்பு. வளைவைத் தாண்டியதும் பேலஹியாவில் நேபாளச் சுங்க அலுவலகம் இருக்கிறது. அதைத்தான் பன்சார் என்கிறார்கள். அதை நீங்களேதான் தேடிப் போக வேண்டும். பன்சார் ரசீது இல்லாமல் உள்ளே பிடிபட்டால் வண்டியைப் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

கவுண்டரில் அசல் ஆர்.சி.யைக் கேட்டார்கள், மொபைலில் இருப்பதை எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே இருந்தவர் என் பாஸ்போர்ட்டையும் ஆர்.சி.யையும் மேசையில் மேலும் கீழுமாக வைத்தார். பேனாவை மூடி, அதன் முனையால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்தார். மேலே ஒரு எழுத்து, கீழே ஒரு எழுத்து. என் பெயர் முடிந்து அப்பா பெயர் தொடங்கியது. அதையும் கடைசி எழுத்து வரை தொட்டுவிட்டு, "எத்தனை நாள்?" என்று இந்தியில் கேட்டார். அந்த நொடியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா வெளியே வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றது நல்லதாகப் போயிற்று.

கட்டணம் நாள் கணக்கில், முன்கூட்டியே கட்ட வேண்டும். நுழையும் நாளும் ஒரு நாள்தான். நிலச்சரிவில் பாதை அடைபட்டால் நாள் போய்விடும், அதனால் திட்டத்தைவிட ஒன்றிரண்டு நாள் சேர்த்தே சொல்லுங்கள். நாங்கள் ஆறு நாள் திட்டம் போட்டு எட்டு நாளுக்குக் கட்டினோம்.

ரசீது கைக்கு வந்ததும் இன்னொரு குழப்பம். எண்கள் எல்லாம் தேவநாகரியில். ஆண்டு 2080, மாதம் சைத்ரம். அங்கே விக்ரம் சம்வத் கணக்கு நடக்கிறது. எந்த நாளோடு அனுமதி முடிகிறது என்றே தெரியவில்லை. மாமாதான் வழி கண்டுபிடித்தார். தினமும் காலண்டர் தாள் கிழிக்கிறவர். "இன்னைக்கு நமக்குப் பங்குனி 13. இவங்களுக்கு சைத்ரம் என்ன?" என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். சைத்ரம் 13! அவர்களுடைய மாதமும் நம்முடையது போல சூரிய மாதம், அந்த மாதம் இரண்டும் ஒரே நாளில் பிறந்திருந்தது. நம் பங்குனிதான் அவர்களுக்குச் சைத்ரம். பங்குனி 20 வரை அனுமதி என்று சுலபமாகப் புரிந்துவிட்டது. இருந்தாலும் ரசீதின் பின்பக்கம் ஏப்ரல் 2 என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

உள்ளே சோதனை என்று பெரிதாக ஒன்றுமில்லை. போக்குவரத்துப் போலீஸ் இரண்டு இடத்தில் ரசீதைப் பார்த்தார்கள். போக்ராவில் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதி எடுத்தோம். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், நம் காசில் 625. பாஸ்போர்ட் அளவு போட்டோ கையில் இருக்க வேண்டும். முக்திநாத் இருக்கும் முஸ்தாங் மாவட்டத்துக்குள் நுழையும் காசா கிராமத்தில் அதைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். முக்திநாத்தில், சுமார் 3,800 மீட்டர் உயரத்தில், 108 நீர்த்தாரைகளுக்கு அடியில் நடுங்கிக்கொண்டே குளித்தோம். ஆர்.சி. கார்டு பிளாஸ்டிக் உறையோடு சட்டைக்குள் இருந்தது, அதை மட்டும் மாமாவிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

திரும்பும்போது பேனிக்கு மேலே மண் சரிந்து ஒரு பகல் முழுக்க நின்றோம். சேர்த்துக் கட்டிய நாள் அங்கேதான் கைகொடுத்தது. பங்குனி 20 மதியம் பேலஹியா வந்து ரசீதை ஒப்படைத்தோம். பதிவேட்டில் எங்கள் TN 29-ஐத் தேடி ஒரு கோடு போட்டார்கள். வளைவைத் தாண்டியதும் கடிகாரத்தைக் கால் மணி நேரம் பின்னால் திருப்பி வைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். "வண்டி நல்லா ஓடுதா?" என்று கேட்டார்.