இரண்டாம் இடத்தில் மூன்று பேர்

2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் ஜோசப் ஸ்கூலிங் 50.39 விநாடியில் தங்கம் வாங்கியது சிங்கப்பூரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதைவிட சுவாரசியமானது இரண்டாம் இடம். அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸ், தென்னாப்பிரிக்காவின் சாட் லே குளோஸ், ஹங்கேரியின் லாஸ்லோ சே மூவரும் 51.14 விநாடி. மூவருக்கும் வெள்ளி; வெண்கலம் யாருக்கும் இல்லை.

ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து பிரிக்கலாமே என்று கேட்பார்கள். 1972 மியூனிக்கில் அப்படித்தான் 0.002 விநாடியில் தங்கத்தைத் தீர்மானித்தார்கள். பிறகு அதைக் கைவிட்டார்கள், சரியான முடிவு. விநாடிக்கு 2 மீட்டர் போகிறவர் 0.001 விநாடியில் நகர்வது வெறும் 2 மில்லிமீட்டர். குளத்தின் தடங்களுக்குள்ளேயே நீளம் அதைவிடக் கூடுதலாக வேறுபடலாம்.

சிங்கப்பூரின் காலாங்கில் பிள்ளைகளை நீச்சல் போட்டிக்கு அழைத்துப் போகும் பெற்றோர் கடைசி 5 மீட்டரைக் கவனியுங்கள். மேலே கட்டிய கொடிகள்தான் அடையாளம். கொடியிலிருந்து சுவருக்கு எத்தனை கைவீச்சு என்பதை நீந்துபவர் பயிற்சியிலேயே, அதுவும் களைத்த நிலையில், எண்ணி வைத்திருக்க வேண்டும். எண்ணாதவர் சுவருக்கு முன் கை நீட்டி மிதந்தே வேகத்தை இழப்பார், அல்லது முழங்கை மடங்கியபடி முட்டுவார். தலையைத் தூக்கிப் பார்த்தால் இடுப்பு தாழும். சுவரில் நேரத்தைப் பதிவு செய்யும் தொடுபலகையை லேசாகத் தடவினால் போதாது, அழுத்த வேண்டும். வண்ணத்துப்பூச்சியில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் படாவிட்டால் இரண்டாம் இடமும் கிடையாது, தகுதி நீக்கம்தான்.